புதுப்பிப்பு: லாரி சிமுலேஷனில் சக்கரம் துள்ளிய பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. டயருக்கு நிஜ விறைப்பைக் (அமுங்காமல் எதிர்க்கும் பலம்) கொடுத்தால் நின்ற லாரியே துள்ளிப் பறக்கிறது என்று கேட்டிருந்தேன். பலித்தது, சக்கரக் கணக்கை மட்டும் ஒரு ஃபிரேமுக்கு (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) 4 முறை ஓட்டச் சொன்ன யோசனைதான்.

காரணம் இது: சக்கரம் 40 கிலோ, விறைப்பு மீட்டருக்கு 8,00,000 நியூட்டன். இதற்கு நொடிக்கு குறைந்தது 71 முறையாவது கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நிலைகுலைந்து சக்கரம் துள்ளும். என்னுடையது 60. இப்போது 240, சக்கரம் அசையாமல் நிற்கிறது. விறைப்பைக் குறைப்பதும் பலிக்கும், ஆனால் பாரம் ஏற்றினால் டயர் தரைக்குள் புதைகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

எதிர்பாராதது: சரிவில் நிறுத்திய லாரி மெல்ல நழுவியது. வழுக்கும் வேகத்தை வைத்துப் பிடிப்பைக் கணக்கிடுவதால், வேகம் பூஜ்யமானால் பிடிப்பும் பூஜ்யம். அதனால் லாரி நின்றதும் சக்கரத்தைத் தரையோடு கணக்கில் ஒரு ஸ்பிரிங்கால் கட்டிவிட்டேன்.