'அம்பிகாபதி' பிழைத்தெழுந்தது ஏன் உறுத்துகிறது?

கேள்வி:
2013-இல் வெளிவந்த 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் மொழிமாற்று வடிவமான 'அம்பிகாபதி', 2025 ஆகஸ்டில், செயற்கை நுண்ணறிவால் மாற்றப்பட்ட முடிவுடன் மீண்டும் திரையிடப்பட்டது. மூலப் படத்தில் மருத்துவமனைப் படுக்கையில் உயிர்விடும் நாயகன் குந்தன், இதில் கண் திறக்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். எனக்கும் அது உறுத்தியது. ஆனால் காரணம் பிடிபடவில்லை. காதலர்கள் சேர்ந்துவிட வேண்டுமே என்று படம் முழுக்க வேண்டிக்கொண்டிருக்கும் நமக்கு, சேராமல் முடியும் இந்திப் படங்கள் மீது ஏன் இத்தனை பிடிப்பு?

மறுமொழி 1:
அந்தப் படத்தைப் பொறுத்தவரை விடை கடைசிக் காட்சியிலேயே இருக்கிறது. எழுந்து வரலாமா என்று குந்தன் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறான். எழுந்தால் மறுபடி ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்க வேண்டும், அது மறுபடி உடைய வேண்டும், அந்தப் பாட்டை யார் படுவது என்ற அலுப்பில்தான் அவன் அடங்குகிறான். அது விதி தந்த சாவு அன்று, அவனே எடுத்த முடிவு. அவ்வளவையும் பேசவிட்டுவிட்டுக் கண்ணைத் திறக்க வைத்தால், பேச்சு வெறும் பிதற்றலாகிவிடுகிறது.

மறுமொழி 2:
இந்திப் படத்தின் பெயரிலேயே பஞ்சாபின் ஹீர்-ராஞ்சா காதல் கதை இருக்கிறது. அக்கதையைப் பாடிய தாமோதரின் பழைய வடிவத்தில் காதலர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். 1766-இல் வாரிஸ் ஷா பாடியதில் ஹீர் நஞ்சூட்டப்பட்டு இறக்கிறாள். மக்கள் நாவில் நிலைத்தது வாரிஸ் ஷாவின் ஹீர்தான். ஆக, இரண்டு முடிவுகளும் முன்னால் இருந்தபோதே கேட்பவர்கள் துயரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். (காதலுக்காகக் கொல்லப்பட்ட கம்பன் மகனின் பெயரைச் சூட்டிவிட்டு, நாயகனைப் பிழைக்க வைத்ததுதான் வேடிக்கை.)

மறுமொழி 3:
எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. மணிக்கட்டை அறுத்துக்கொண்டு, தான் காதலிக்கும் சோயாவைப் பணிய வைக்கப் பார்த்தவன் குந்தன். கடைசியில் அவன் சாவதால் அதுவரை செய்ததெல்லாம் கழுவப்பட்டு, அழுகை மட்டும் நம்மிடம் மிஞ்சுகிறது. தேவதாஸ் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். குடித்தே அழிபவனுக்குத்தான் இரக்கமெல்லாம். ஆனாலும் 2002-இல் பன்சாலி எடுத்த படத்தில், வாசலில் கிடப்பவனை நோக்கி அவன் காதலி பாரோ மாளிகைக்குள்ளிருந்து ஓடி வருவாள். அவள் எட்டுவதற்குள் பெரிய கதவுகள் மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் நான் அழுதது அவனுக்காக அன்று, கதவுக்கு இந்தப் பக்கம் உயிரோடு நின்றுவிட்டவளுக்காக.

கேள்வி கேட்டவர்:
மூன்றாவது மறுமொழி என்னை யோசிக்க வைத்துவிட்டது. குந்தன் கண் திறந்தானா இல்லையா என்றே இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சோயாவை நினைக்கவே இல்லை. இந்தி மூலத்தை அவளுக்காக இன்னொரு முறை பார்க்கப் போகிறேன்.