கிளாசிக் காரின் உண்மையான ஆண்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? உங்கள் அனுபவங்கள்

ஏர்கூல்டு:

பதிவுப் புத்தகத்தில் 1958 என்று இருந்த ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை வாங்கும் எண்ணத்தோடு பார்க்கச் சென்றபோது, அதன் பின்கண்ணாடி முட்டை வடிவில் இருந்ததைக் கண்டதுமே எனக்கு ஐயம் எழுந்துவிட்டது. நடுவில் பிளவுபட்ட பின்கண்ணாடி 1953 மார்ச்சில் முட்டை வடிவத்துக்கு மாறியது. அதுவும் 1957 ஆகஸ்டில் கைவிடப்பட்டு, அகன்ற செவ்வகக் கண்ணாடி வந்துவிட்டது. எனவே, ஏட்டில் உள்ள ஆண்டு தவறாக இருக்க வேண்டும், அல்லது உடற்கூடு வேறொரு காரிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது 1957-இல் தயாரான வண்டி விற்காமல் நின்று மறு ஆண்டு பதிவாகியிருக்க வேண்டும்.

உரிமையாளரின் அனுமதியோடு பின்னிருக்கையைத் தூக்கிப் பார்த்தோம். பீட்டிலின் சேஸி எண் அங்கேதான், தரையின் நடுவே ஓடும் தண்டின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். துருவும் பழைய பெயிண்டும் படிந்திருந்த இடத்தில் கம்பி பிரஷ்ஷைப் போட்டுத் தேய்க்காமல், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எண்கள் நிழலோடு எழுந்து நிற்கும். ஓர் இலக்கம் ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் பதிந்திருந்தாலும், சுற்றியுள்ள தகட்டில் அரம் தேய்த்த தடமோ வெல்டிங் தடமோ எதுவும் இல்லை. மாதவாரியான சேஸி எண் பட்டியலோடு ஒப்பிட்டபோது அந்த எண் 1957-இன் முற்பாதியில் விழுந்தது.

அடுத்து சக்கரங்கள். அக்காலச் சக்கரங்களின் இரும்பிலேயே தயாரிப்புத் தேதி குத்தப்பட்டிருக்கும். ஓடுகிற சக்கரங்களில் சில 1960-களைச் சேர்ந்தவை. ஆனால் முன்பக்கம் யாரும் தொடாமல் கிடந்த ஸ்டெப்னி, சேஸி எண் சொன்ன காலத்தையே சொன்னது. எஞ்சின் எண்ணை நான் பொருட்படுத்தவே இல்லை. நான்கு முக்கியப் பிடிப்புகளைக் கழற்றினால் இறங்கிவிடும் எஞ்சின் அது; அத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை மாறியதோ! கடைசியில், வோல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள ஃபோக்ஸ்வாகன் அருங்காட்சியகத்துக்கு சேஸி எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்திப் பெற்ற சான்றிதழ், ஆலைப் பதிவேட்டின்படி வண்டி 1957 வசந்த காலத்தில் தயாரானதை உறுதி செய்தது. ஏட்டில் இருந்தது முதல் பதிவு ஆண்டு, அவ்வளவே.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 1955 முதல் ஃபோக்ஸ்வாகனின் மாடல் ஆண்டு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும் என்பதால், 1957 செப்டம்பரில் தயாரான பீட்டில் 1958 மாடல் எனப்படும். விற்பவர் ஓர் ஆண்டைச் சொன்னால், அது தயாரிப்பு ஆண்டா, மாடல் ஆண்டா, பதிவு ஆண்டா என்று கேட்காமல் பேச்சை நகர்த்தக் கூடாது என்பது என் கருத்து.

வி8 ரசிகன்:

மேலே நண்பர் சொன்ன மாடல் ஆண்டுச் சிக்கல் ஃபோர்டு மஸ்டாங்கில் இன்னும் சூடானது. ஒருவர் தம் காரை 'அறுபத்து நான்கரை' (1964 கோடை வரை வந்த முதற்கட்ட மஸ்டாங்குகளுக்கு ரசிகர்கள் வைத்த பெயர்) என்று அழுத்தமாகச் சொல்லி, அதற்காகவே விலையையும் கூட்டியிருந்தார். மஸ்டாங் உற்பத்தி 1964 மார்ச் 9 அன்று தொடங்கி, ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்தது; ஆனால் தொடக்கம் முதலே ஆலை அவற்றை 1965 மாடல்களாகவே கணக்கிட்டதால், ஆலை பொறித்த வாகன அடையாள எண் எல்லாவற்றிலும் 5 என்றே தொடங்கும். ஆண்டைக் குறிக்கும் அந்த இலக்கத்தை மட்டும் வைத்து முற்பகுதிக் காரா என்று சொல்ல முடியாது.

ஆகவே டாஷ்போர்டைப் பார்த்தேன். 1964 கோடை வரை வந்த கார்களில் பேட்டரிக்கு மின்னேற்ற ஜெனரேட்டர் இருந்தது; எச்சரிக்கை விளக்கில் 'ஜென்' என்று இருக்கும். அதன் பின் ஆல்டர்னேட்டர் வந்ததும் அது 'ஆல்ட்' ஆனது. இவர் காரில் 'ஜென்' எரிந்தது. ஆனால் மீட்டர் பெட்டியை மாற்றுவது ஒரு மாலை வேலை என்பதால் அதோடு நான் நிறைவடையவில்லை. எஞ்சின் பிளாக்கின் வார்ப்புத் தேதியை, அதாவது இரும்பை வார்க்கும்போதே அதில் பதியும் தேதியைத் தேடினோம். ஃபோர்டு வார்ப்புகளில் முதலில் ஆண்டின் கடைசி இலக்கம், பிறகு மாதத்துக்கான எழுத்து, பிறகு நாள் என்ற வரிசை இருக்கும்: '4E12' என்றால் 1964 மே 12 (E ஐந்தாம் எழுத்து, மே ஐந்தாம் மாதம்). ஆண்டுக்கு ஓர் இலக்கம்தான் என்பதால் பத்தாண்டை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

இங்கே ஒரு தர்க்கம் உதவும். வார்ப்புத் தேதி காரின் தேதிக்கு முன்னதாகவே இருக்க முடியும். பின்னதாக இருந்தால் அந்தப் பாகம் பிற்பாடு வந்தது. ஆகவே முதலிலிருந்தே காரில் இருந்தவை என்று நம்பத்தக்க பாகங்களில் எதன் தேதி மிகப் பிந்தையதோ, அதற்கு முன் அந்தக் கார் தயாராகியிருக்க முடியாது. இவர் பிளாக்கின் தேதி அக்டோபர். கதவுத் தகட்டில் இருந்த தேதியோ மே. தகட்டின் ரிவெட்டுகள் சுற்றியிருந்த பெயிண்டைவிடப் புதிதாக மின்னின. இத்தகைய தகடுகள் புதிதாக அச்சடித்தே விற்கப்படுகின்றன. எஞ்சின் மாற்றப்பட்டதா, தகடு மாற்றப்பட்டதா என்று அவரால் விளக்க முடியாததால் நான் விலகிக்கொண்டேன்.

மரச்சட்டம்:

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரோல்ஸ்-ராய்ஸ் போன்ற கார்களுக்கு, 'எந்த ஆண்டு' என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. நிறுவனம் எஞ்சினோடு சேஸியை மட்டும் தரும். உடற்கூட்டை வேறொரு பட்டறை கட்டும். நான் சீரமைப்பில் உதவிய ஒரு காரில் கதவின் உள் உறையைக் கழற்றியபோது, மரச்சட்டத்தில் பென்சிலால் எழுதிய பட்டறை எண் தெரிந்தது. சேஸிக்கும் அந்தக் கூட்டுக்கும் இடையே பல ஆண்டுகள். பழைய சேஸியின் மேல் பிற்பாடு புதிய கூடு ஏற்றியிருக்கிறார்கள். அக்காலத்தில் அது வழக்கமான ஒன்றே, மோசடி அன்று. அதனால் அந்தக் காரின் ஆவணத்தில் சேஸி ஆண்டையும் கூட்டின் ஆண்டையும் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறோம்.