'இரவுக் காவல்' படத்தைத் திறந்தால் கணினி அணைந்துவிடுகிறது, நிறமும் மஞ்சளடிக்கிறது

கேள்வி (ஓவிய ஆசிரியர், குமாரபாளையம்)

வணக்கம். அரசுப் பள்ளியில் 32 வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிறு காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் 9 பேர் வீட்டுக்கு வருவார்கள். முதல் ஒரு மணி நேரம் வரைவார்கள். அடுத்த ஒரு மணி நேரம் ஐரோப்பிய ஓவியங்களைத் திரையில் காட்டிப் பேசுவேன். ஜோட்டோவில் தொடங்கினோம், போன மாசம்தான் ரெம்பிராண்டிடம் வந்து சேர்ந்தோம். அவசரமே படுவதில்லை. ஒரு படத்துக்கு இரண்டு ஞாயிறு ஆனாலும் சரி.

கணினி 2016இல் மகன் வாங்கிக் கொடுத்தது. ஐ3, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். தரையில்தான் வைத்திருக்கிறேன். வீட்டுச் சுவரை ஒட்டியே விசைத்தறிப் பட்டறை. மூடியைத் திறந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

முதல் பிரச்சினை: அருங்காட்சியகத் தளத்திலிருந்து இறக்கிய பெரிய படங்களைத் திறந்து, ஓரிடத்தை நெருங்கிக் காட்ட ஆரம்பித்தால், விசிறி தறி மாதிரி இரைகிறது. ஐந்தாறு நிமிஷத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பட்டென்று அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் விட்டுப் போட்டால் ஓடும். காலை 8 மணிக்கு வராத தொல்லை 11 மணிக்கு வருகிறது. இன்னொன்று, கரண்ட் போய் வந்தால் தேதி 2016க்குப் போய்விடுகிறது.

இரண்டாவது பிரச்சினையை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுப்பினாள். ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த 'இரவுக் காவல்' திரையில் இருந்தது. நடுவில் கறுப்பு உடையில் நகரக் காவல் படையின் தலைவர் பான்னிங்க் காக் இடது கையை நீட்டிப் பேசிக்கொண்டே நடக்கிறார். அந்தக் கையின் நிழல், பக்கத்தில் வரும் துணைத்தலைவரின் மஞ்சள் மேலங்கி மேல் விழுகிறது. அதைத்தான் நெருக்கிக் காட்டினேன். உடனே அவள், "ராத்திரின்னா நிழல் எப்படி சார் இவ்வளவு கெட்டியா விழும்?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இது பகல்தான், மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்துப் போய்ப் பிற்காலத்தில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன். அவள் விடவில்லை. "அப்ப அந்தக் கழுத்துப்பட்டை மஞ்சளா இருக்கே, அதுவும் வார்னிஷா? எங்கம்மா போன்ல வெள்ளையா இருக்குதே?"

பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். எந்த நிறத்தை நம்பச் சொல்வது? இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில் 1 (கணினி பழுதுபார்ப்பவர், ஈரோடு)

சார் வணக்கம். அணையறதுக்குக் காரணம் சூடுதான். பிராசஸர் ஓர் அளவுக்கு மேல கொதிச்சா தன்னைக் காப்பாத்திக்க தானே அணைஞ்சுரும். ஆறின பிறகு ஓடுது, வெயில் ஏறினா படுத்துருது, வேற சந்தேகமே வேண்டாம். உங்க ஊர்லயும் பள்ளிபாளையத்துலயும் இருந்து எனக்கு வர்ற சிஸ்டம் எல்லாத்துலயும் இதேதான். சாதாரண வீட்டுத் தூசி உதிரும். தறிப் பஞ்சு உதிராது, ஹீட் சிங்க், அதாவது பிராசஸர் சூட்டை இழுத்து வெளியேத்தற உலோகத் தகடு, அதோட இடுக்குல படிஞ்சு மெத்தை மாதிரி ஆயிரும்.

நீங்களே செய்யலாம். பிளக்கை உருவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிங்க, மிச்ச மின்சாரம் இறங்கிரும். கேபினட்டைத் திறந்ததும் ஒரு தடவை உள்ளே இருக்கற வெறும் இரும்பைத் தொட்டுக்குங்க. பிராசஸர் மேல இருக்கற விசிறிக்கு நாலு மூலைல நாலு ஊசி இருக்கும், அம்புக்குறி காட்டற பக்கம் திருப்பி மேல இழுத்தா வந்துரும். ஒயரை இழுக்காதீங்க, பிளக்கைப் பிடிச்சுக் கழட்டுங்க. இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டுத்தான் ப்ளோயர் அடிக்கணும். காத்துல தாறுமாறா சுத்த விட்டா பேரிங் போயிரும்.

பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவுல தடவியிருக்கற பழைய தெர்மல் பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பஞ்சுல துடைச்சு எடுத்துட்டு, புதுசை நடுவுல ஓர் உளுந்து அளவு வைங்க. அதிகம் வைச்சா நல்லதுன்னு நினைக்கறாங்க, இல்லைங்க. அது உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவுல இருக்கற நுண்ணிய பள்ளத்தை நிரப்பத்தான். தடிச்சா அதுவே சூட்டைத் தடுக்கும். ஊசியை மறுபடி குறுக்கு மூலையா அழுத்துங்க, டிக்குனு சத்தம் வரணும்.

கரண்ட் உள்ளே வர்ற எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ளே கெபாசிட்டர்ல மின்சாரம் நிக்கும். வெளியே இருந்து காத்து அடிச்சாப் போதும்.

தேதி மாறுறது மதர்போர்டுல இருக்கற காசு மாதிரி பேட்டரி. 2032ன்னு கேட்டு வாங்குங்க, 3 வோல்ட்.

பதில் 2

என் வீட்டில் தரை சுத்தம் செய்யும் வேக்குவம் கிளீனரை வைத்தே உறிஞ்சிவிடுவேன். பத்து நிமிஷ வேலை. பேஸ்ட் எல்லாம் தேவையா?

பதில் 1 மறுபடியும்

வேண்டாங்க. அந்தக் குழாய் முனைல ஸ்டாடிக் மின்சாரம் சேரும். போர்டுல பட்டா சத்தம் கூட வராது, ராமோ சிப்போ போயிரும். ஊதித்தான் தள்ளணும், வாசல்ல வச்சு. பேஸ்ட் 2016ல போட்டதுன்னா இந்நேரம் காஞ்சு உதிர்ற நிலைல இருக்கும், கண்டிப்பா மாத்தணும்.

பதில் 3 (ஆம்ஸ்டர்டாமிலிருந்து)

ஐயா, உங்கள் மாணவி கேட்ட கேள்வியைப் படித்ததிலிருந்து அதே நினைவு. நான் ஓவியத் துறை அல்ல, ஆய்வகத்தில் வேலை. ஆனால் 'இரவுக் காவல்' இருக்கும் ரெய்க்ஸ்மியூசியம் எனக்கு ட்ராமில் போகிற தூரம். அந்தப் படத்தின் முன் எத்தனை முறை நின்றிருப்பேன் என்று கணக்கில்லை.

முதலில் உங்கள் திரையைப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்கில் 'நைட் லைட்' போட்டிருந்தால் மொத்தத் திரையும் மஞ்சளாகும். சில மானிட்டர்களில் கண் பாதுகாப்பு என்று தனியாகவும் ஒரு முறை இருக்கும். இரண்டையும் அணையுங்கள். நிற வெப்பநிலையை (திரையின் வெள்ளை மஞ்சள் பக்கமா நீலம் பக்கமா சாய்கிறது என்பதற்கான அளவு) 6500 கெல்வினில் வையுங்கள், வெளிச்சத்தை முழுக்க ஏற்றாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, வெற்று வெள்ளைப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதன் பிறகும் கொஞ்சம் மஞ்சள் மிஞ்சும். அது படத்தின் மஞ்சள். 1975இல் ஒருவர் கத்தியால் கிழித்தபோது பழுதுபார்த்துப் புதிதாகப் பூசிய வார்னிஷும் இப்போது பழுத்துவிட்டது. 2019இலிருந்து படத்தைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, பார்வையாளர் கண்ணெதிரிலேயே ஆய்வு செய்தார்கள். 8,439 புகைப்படங்கள் எடுத்து ஒட்டி, 717 கிகாபிக்சலில் (ஒரு கிகாபிக்சல் என்றால் நூறு கோடி புள்ளிகள்) ஒரே படமாக 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 5 மைக்ரோமீட்டர்தான். 2024 நவம்பரில் அந்த வார்னிஷை எடுக்கத் தொடங்கினார்கள். கரைப்பானில் நனைத்த மெல்லிய துணியை ஒற்றி முதலில் இளக்குகிறார்கள், மிச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தபடி பஞ்சுக் குச்சியால் எடுக்கிறார்கள். ஈரோட்டு நண்பர் சொன்ன ஆல்கஹாலும் பஞ்சும் போலத்தான். ஆனால் இங்கே ஓர் அங்குலத்துக்கு எத்தனையோ நாள் யோசனை.

வார்னிஷை எடுத்தால் ஓவியர் பூசிய நிறம் அப்படியே வந்துவிடும் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். நிறமே மாறியிருக்கும். வான்கோ 1888இல் வரைந்த படுக்கையறையின் சுவர் இன்று நீலம். வெளிர் ஊதா என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். சிவப்புச் சாயம் வெளிறி நீலம் மட்டும் நின்றுவிட்டது. வெர்மீர் வரைந்த 'முத்துத்தோடு அணிந்த பெண்' ஓவியத்தில் அவளுக்குப் பின்னால் இன்று கறுப்பு. அவர் அங்கே பூசியது பளபளக்கும் பச்சை. கருமையின் மேல் அவுரி நீலத்தையும் வெல்ட் என்ற செடியின் மஞ்சளையும் கலந்து பூசியிருந்தார், அவை வெளிறிவிட்டன. இவற்றை எந்தப் பஞ்சுக் குச்சியாலும் மீட்க முடியாது.

சில இடங்களில் சுத்தம் செய்ததே வாழ்நாள் பரிசாகவும் அமையும். கெண்ட் நகரில் வான் ஐக் சகோதரர்களின் 1432ஆம் ஆண்டு பலிபீட ஓவியத்தில், ஆட்டுக்குட்டியின் முகத்தை 16ஆம் நூற்றாண்டில் யாரோ மூடி வரைந்திருந்தார்கள். அந்தப் பூச்சை எடுத்ததும் நேரே நம்மைப் பார்க்கும் முகம் வெளியே வந்தது. பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். எனக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடிக்கும்.

கேட்டவர் மறுபடியும்

எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழமை வாசல் திண்ணையில் உட்கார்ந்து திறந்தேன். அப்போது பார்த்ததைச் சொல்லியே ஆகவேண்டும். விசிறியைக் கழற்றினால் அலுமினியத் தகடே கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிப் படலம். சாமணத்தால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், கிழியாமல் ஒரே துண்டாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே நீலமும் சிவப்புமாக இழைகள். பக்கத்துப் பட்டறையில் தீபாவளிக்கு ஓடிய லுங்கிகளின் சாயம். அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்குக் காட்ட.

பேஸ்ட் வற்றிய ஏரி மண் போல வெடித்திருந்தது. துடைத்துவிட்டு உளுந்தளவு வைத்தேன். ஒரு மூலை ஊசி இரண்டு தடவை சரியாக உட்காரவில்லை, டிக் சத்தம் கேட்கும் வரை விடவில்லை. திறப்பதற்கு முன், விண்டோஸ் ஏறுமுன் வரும் பயாஸ் திரையில் சும்மா இருக்கும்போதே 78 டிகிரி காட்டியது, இப்போது 44. பெரிய படத்தை ஒரு மணி நேரம் நெருக்கி விலக்கிப் பார்த்தேன், அணையவில்லை. பேட்டரியும் மாற்றியாயிற்று. கேபினட் இப்போது ஸ்டூல் மேல்.

நைட் லைட் இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. என் மனைவிக்குக் கண் எரிகிறது என்று மகள் போட்டுவிட்டுப் போனாளாம். அணைத்ததும் பான்னிங்க் காக்கின் கழுத்துப்பட்டை வெளுத்தது, இடைக்கச்சையின் சிவப்பு எழுந்து நின்றது. துணைத்தலைவரின் மேலங்கி ஓரத்தில் பொன் வேலைப்பாடு இருப்பதையே இப்போதுதான் கண்டேன்.

பதில் 1 மறுபடியும்

ரொம்ப சந்தோஷம் சார். ஒண்ணு கேக்கறேன், படமெல்லாம் அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்லயா இருக்கு? ஒன்பது வருஷம் சூட்டுல ஓடின டிஸ்க். சத்தம் இல்லாம ஓடுதுன்னு நம்பி இருக்காதீங்க. விண்டோசை ஒரு எஸ்எஸ்டிக்கு, அதாவது உள்ளே சுத்தற தட்டு இல்லாத டிஸ்குக்கு, மாத்துங்க. படங்களை வெளி டிஸ்க்ல ஒண்ணு, வேற வீட்டுல ஒண்ணுன்னு வைங்க. மாசம் ஒரு தடவை ப்ளோயர், வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளே பாருங்க. உங்க இடத்துக்கு அது கட்டாயம்.

கேட்டவர் மறுபடியும்

தம்பி, இன்னொரு நகல் வைக்கச் சொன்னதைப் படித்ததும் லண்டன்ஸ் என்ற பழைய ஓவியர் நினைவுக்கு வந்தார். 1715இல் 'இரவுக் காவ'லை ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்கு மாற்றினார்கள். சுவரில் இடம் போதவில்லை என்று நாலு பக்கமும் வெட்டினார்கள், இடப்பக்கம் அதிகம். அங்கே நின்ற ஆட்களே போய்விட்டார்கள். வெட்டிய துண்டுகள் கிடைக்கவில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன்பே இந்தக் கெரிட் லண்டன்ஸ் அதைச் சின்ன அளவில் நகல் எடுத்து வைத்திருந்தார். அந்த நகல் இன்றும் இருக்கிறது. 2021இல் அதை வைத்துத்தான் இழந்த பகுதிகளைக் கணினி மூலம் உருவாக்கிப் பக்கத்தில் பொருத்திக் காட்டினார்கள். மூலத்திலிருந்து போன ஆட்கள் நகலில் முந்நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

நேற்றே 2 டிபி வெளி டிஸ்க் வாங்கி நகல் ஓடவிட்டேன், ராத்திரி 1 மணிக்கு முடிந்தது. இன்னொரு நகல் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கு அடுத்த வாரம் போகிறது. எஸ்எஸ்டி அடுத்த மாதப் பென்ஷனில்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்கு முதலில் நைட் லைட்டைப் போட்டும் அணைத்தும் காட்டப் போகிறேன். பிறகு வெர்மீரின் பெண்ணை முழுத்திரையில் வைத்து, பின்னால் இருப்பது என்ன நிறம் என்று கேட்கப் போகிறேன். பச்சைச் சாயப் பென்சில் ஒன்பதும் சீவி வைத்தாயிற்று.