மேலத்தெரு சொந்தங்கள்

திருவாரூர் அத்தை: அண்ணன்மார் எல்லாருக்கும் 🙏 சின்னவனுக்கு மாசி மகத்தன்னிக்கு நம்ம கோயில்ல மொட்டை போட்டு காது குத்தலாம்னு இருக்கோம். ஆசாரிகிட்ட பேசியாச்சு. சின்னண்ணன் மடியிலதான் உக்கார வைக்கணும்னு அம்மா சொல்லுது

மன்னார்குடி பெரியம்மா: மூத்த தாய்மாமன் ஒருத்தர் இருக்காங்க. சும்மா ஞாபகப்படுத்துறேன்

அம்மா: செல்வி, மகத்துக்கு மறுவாரம் கயலுக்கு தமிழ் பரீட்சை. பத்தாவது பப்ளிக். தள்ளி வைக்க முடியுமா

திருவாரூர் அத்தை: ஒரு நாள்தானே அண்ணி. காலையில வந்துட்டு மத்தியானம் சாப்ட்டு கெளம்பிடலாம்

அம்மா: நம்ம வீட்டு விசேஷம் என்னிக்கு ஒரு நாள்ல முடிஞ்சிருக்கு

திருப்பூர் சித்தப்பா: 😂😂

அப்பா: டிபிசில இருக்கேன், நெல் கொள்முதல் நிலையத்துல. நெல்லு இன்னும் போடல. ராத்திரி பேசுறேன்

திருப்பூர் சித்தப்பா: ஈரம் எவ்ளோ காட்டுது

அப்பா: 19

திருப்பூர் சித்தப்பா: 17க்கு எறங்கணுமே. படுதாவ எடுத்துட்டு கெளறி விடு

அம்மா: [படம்]

அம்மா: கயல் போட்ட டைம்டேபிள். மாமா, செத்த பாத்து சொல்லுங்க. அரையாண்டுல அறிவியல் 48தான். ராத்திரி 12 வரைக்கும் முழிக்கிறா, காலையில புஸ்தகத்து மேலயே தலைய வச்சி தூங்குறா

நான்: அஞ்சு கலர் ஸ்கெட்ச் பேனா. ஞாயித்துக்கிழமை பூரா இதுக்கே போச்சு

மன்னார்குடி பெரியம்மா: எழுத்து அழகா இருக்கு

மன்னார்குடி பெரியப்பா: பாத்தேன். காலை 4 - 6 தமிழ், 6 - 8 ஆங்கிலம்னு இருக்கு. எந்த இயல், படிக்கிறதா எழுதுறதா, ஒண்ணும் இல்ல. பல்லு வெளக்கக்கூட நேரம் ஒதுக்கல. "அறிவியல் 2 மணி நேரம்"னு போட்டா புள்ள புஸ்தகத்த தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். "மின்னோட்டவியல், நெடுவினா ரெண்டு, பாக்காம எழுதணும்"னு போட்டாத்தான் முடிஞ்சிதா இல்லயான்னு தெரியும்.

திருவாரூர் அத்தை: பெரியண்ணே மடி விஷயம்

மன்னார்குடி பெரியப்பா: வர்றேம்மா. இன்னொண்ணு. மஞ்சக்கோடு போட்டு நாலு தரம் படிச்சா தெரிஞ்ச மாதிரியே இருக்கும். கண்ணு பழகிருக்கும், அவ்ளோதான். 2006ல அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேரு கல்லூரிப் பசங்கள வச்சி பாத்தாங்க. ஒரு கூட்டம் பாடத்த திரும்பப் படிச்சிது. இன்னொரு கூட்டம் மூடி வச்சிட்டு ஞாபகத்துலேர்ந்து எழுதிச்சி. அஞ்சு நிமிஷம் கழிச்சி கேட்டா படிச்சவங்கதான் முந்தி. ஒரு வாரம் கழிச்சி கேட்டா அவங்களுக்கு 42 சதவீதம்தான் நின்னுச்சி, எழுதிப் பாத்தவங்களுக்கு 56. நம்ம பரீட்சை அஞ்சு நிமிஷத்துலயா வருது?

திருப்பூர் சித்தப்பா: எனக்கு ஏண்ணே இத சொல்லல

மன்னார்குடி பெரியப்பா: 2006டா அது

திருப்பூர் சித்தப்பா: நான் கணக்குல 31. தாளடி அறுப்பு, ராத்திரி களத்துல காவல். நீங்க டிரெயினிங்ல இருந்தீங்க

மன்னார்குடி பெரியம்மா: பழச ஏன் தம்பி

திருப்பூர் சித்தப்பா: சும்மா சொன்னேன் அண்ணி

அம்மா: [குரல் பதிவு]

நான்: கேக்காதவங்களுக்கு: பாட்டி பேசுது. காவலுக்கு அனுப்பினது தாத்தாவாம், தான் இல்லயாம். 4 மார்க்க குடுத்திருந்தா அந்த வாத்தியாருக்கு என்ன கொறஞ்சிருக்கும்னு கேக்குது

திருப்பூர் சித்தப்பா: அம்மா 🙏🙏

அம்மா: பெரியப்பா இது கயல். படிக்கிறப்ப எல்லாம் தெரியிது. மூடிட்டு எழுதினா பாதிதான் வருது. அந்த பயத்துலதான் திரும்ப திரும்ப படிக்கிறேன்

மன்னார்குடி பெரியப்பா: பாப்பா, அந்த வராத பாதி எதுன்னு இன்னிக்கே தெரிஞ்சா நல்லதுதானே. முட்டுற எடத்த மட்டும் தொறந்து பாரு, மறுபடி மூடு, எழுது. அதையே நாளைக்கு ஒரு தரம், நாலு நாள் விட்டு ஒரு தரம், அடுத்த வாரம் ஒரு தரம். ஒரே ராத்திரியில பத்து தரம் எழுதாத. 10 மணிக்கு படுத்துடு.

மன்னார்குடி பெரியப்பா: கணக்கு. 43ம் கேள்வி வடிவியல், 44 வரைபடம். எட்டும் எட்டும் 16. தொடுகோடு வரையிறது காம்பஸ் புடிச்ச கைக்குத்தான் வரும், தினம் ஒண்ணு வரை. 28ம் 42ம் கட்டாய வினா, அங்க சாய்ஸ் கெடையாது. ஒரே இயல ஒரே மூச்சா போடாத. இயற்கணிதம் மூணு, முக்கோணவியல் ரெண்டு, நிகழ்தகவு ஒண்ணுன்னு கலந்து போடு. கேள்வித்தாள்ல இது இந்த இயல்னு தலைப்பு போட்டா குடுக்குறான்?

திருவாரூர் அத்தை: பெரியண்ணே வாய்ஸா போடுங்க. கண்ணு வலிக்கிது

மன்னார்குடி பெரியம்மா: வாய்ஸ்னா இன்னும் நீளும்

மன்னார்குடி பெரியப்பா: முக்கியமானது விட்டுப்போச்சு. அரையாண்டு அறிவியல் விடைத்தாள எடு. போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்துல ஏன் போச்சுன்னு எழுது. தெரியாமயா, தெரிஞ்சும் மறந்தா, கேள்விய சரியா படிக்காமயா, நேரம் பத்தாமயா. அத வச்சித்தான் டைம்டேபிளே போடணும், கலர் பாத்து இல்ல.

அம்மா: தாள் எங்க வச்சான்னே தெரியல மாமா. தேடுறா

அப்பா: வெள்ளத்தாள் கட்டா? ஓரத்துல செவப்பு மை இருந்திச்சே

அம்மா: ஆமா

அப்பா: அதுல விதை உளுந்து மடிச்சி பரண்ல வச்சேன்

திருப்பூர் சித்தப்பா: 😂😂😂

நான்: நெடுவினா முளைச்சிருக்கும்

அம்மா: போய் எடுக்குறேன். இந்த மனுஷன வச்சிக்கிட்டு

திருவாரூர் அத்தை: எல்லாம் சரி. மகமா இல்லையா. நாளைக்கு ஆசாரிக்கு சொல்லணும்

மன்னார்குடி பெரியம்மா: பங்குனி உத்திரத்துக்கு வையேன்

அம்மா: அதுவும் பரீட்சைக்குள்ளதான் வருது அக்கா. செய்முறைத் தேர்வு வேற மாசியிலயே வந்துடும், அது 25 மார்க்கு

திருப்பூர் சித்தப்பா: சித்திரையில வை. எனக்கும் லீவு கெடைக்கும்

திருவாரூர் அத்தை: சித்திரை வெயில்ல மொட்டையா? மாமியா சம்மதிக்காது. அஞ்சு வருஷம் வேண்டிப் பெத்த புள்ளண்ணே

மன்னார்குடி பெரியப்பா: மகத்தன்னிக்கே வை. கயல் மட்டும் வர வேணாம். எங்க வீட்ல இருக்கட்டும், நான் பாத்துக்குறேன்

மன்னார்குடி பெரியம்மா: நீங்க இருந்தா கோயிலுக்கு யாரு போறது? மூத்த தாய்மாமன் வரலன்னு நாளைக்கி பேச்சு வரும்

அம்மா: பாப்போம் மாமா. இவங்க வந்ததும் கேட்டு சொல்றேன்

திருவாரூர் அத்தை: சின்னண்ணே???

அப்பா: 18 வந்துடிச்சி. நாளைக்குத்தான் போடுவாங்களாம். இன்னிக்கும் இங்கதான் படுக்கணும். என்ன முடிவாச்சு

திருப்பூர் சித்தப்பா: மேல படிங்கண்ணே

அப்பா: கண்ணாடி கொண்டாரல

அம்மா: உளுந்த டப்பால கொட்டிட்டு தாள எடுத்துட்டேன். காலையில வரும்போது ஒரு காம்பஸ் வாங்கிட்டு வாங்க. இவளோடது திருகாணி லூசாயி வட்டம் சேர மாட்டேங்குது

அப்பா: சரி. எந்த கடையில

மன்னார்குடி பெரியப்பா: பென்சில் மாட்டுற எடம் கெட்டியா இருக்கான்னு கடையிலயே ஒரு வட்டம் போட்டுப் பாத்து வாங்கு