ஆறு மாதச் சம்பளத்தைப் போட்டு ஒரு வாட்ச் வாங்கலாமா?

நொடிமுள் கேட்டது:

வணக்கம். நான்கு வருடமாக மாதாமாதம் ஒதுக்கி வைத்த பணம் இப்போது கையில் இருக்கிறது. கிட்டத்தட்ட என் ஆறு மாதச் சம்பளம். கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் ஒரு ஸ்விஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்ட வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருக்கும் ஆசை. ஸ்டீல் கேஸ், நீல டயல், தேதி மட்டும் காட்டினால் போதும்.

இப்போது கையில் இருப்பது செல்லில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ். பதினோரு வருடம் ஆகிறது. நாலு தடவை செல் மாற்றியதைத் தவிர ஒரு செலவும் வைத்ததில்லை, நேரமும் தப்பியதில்லை. அதனால்தான் இந்தக் குழப்பம். "மணி பார்க்க இவ்வளவா?" என்று அக்கா கேட்கிறாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. கடையில் இருந்தவர் "இது செலவே இல்லை சார், முதலீடு" என்றார். அதையும் நம்ப முடியவில்லை.

அந்தப் பணம் உண்மையில் எதற்குப் போகிறது? மகனுக்கு இப்போது ஆறு வயது. அவன் வளர்ந்து இதைக் கட்டும் வரை ஓடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்சக்கரம் எழுதியது:

தம்பி, நான் 26 வருடமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறேன். விற்பதில்லை. திறந்து, பிரித்து, துடைத்து, ஆயில் போட்டு மூடுவதுதான் என் வேலை. அதனால் யாருக்கும் சாதகமாகச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இல்லை.

மணி பார்ப்பதற்கு என்றால் உங்கள் அக்கா சொல்வது முழுக்கச் சரி. உங்கள் கையில் இருக்கும் குவார்ட்ஸுக்குள் ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. நீங்கள் ஆசைப்படும் ஆட்டோமேட்டிக்கில் பேலன்ஸ் வீல், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம், பெரும்பாலும் நொடிக்கு எட்டுத் தட்டுதான் தட்டும். ஸ்விட்சர்லாந்தில் கோஸ்க் என்ற அமைப்பு மூவ்மென்டை, அதாவது வாட்சுக்குள் ஓடும் இயந்திரத்தை, தனியாக 15 நாள், ஐந்து நிலைகளில் வைத்து, மூன்று வெப்பநிலைகளில் சோதித்த பிறகுதான் 'குரோனோமீட்டர்' என்று சான்று கொடுக்கிறது. அந்தச் சோதனையில் தேறினாலும் சராசரியாக நாளுக்கு 4 நொடி பின்னே போகலாம், 6 நொடி முன்னே போகலாம். ரோலெக்ஸ் இன்னும் இறுக்கி, நாளுக்கு 2 நொடி முன்பின் என்று வைத்திருக்கிறது. சாதாரண குவார்ட்ஸுக்கு மாதத்துக்கே 15 நொடிதான் கணக்கு. அதாவது ரோலெக்ஸ் தனக்கு வைத்துக்கொண்ட எல்லையில் ஓடினாலும், குவார்ட்ஸ் ஒரு மாதத்தில் தப்பும் அளவை அது கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் தொட்டுவிடும்.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ அஸ்ட்ரான் விற்பனைக்கு வந்தபோதே இந்தக் கணக்கு முடிந்துவிட்டது. அன்றைக்கு அந்தக் குவார்ட்ஸின் விலை ஒரு சின்னக் காரின் விலை. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் அதே தொழில்நுட்பம் யார் கைக்கும் எட்டும் விலைக்கு இறங்கியது. ஸ்விஸ் வாட்ச் தொழிலில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேலை இழந்தார்கள். அதற்குப் பிறகு, செல் இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடும் மெக்கானிக்கல் வாட்சுக்குக் கொடுக்கும் பணம் எதுவும் துல்லியத்துக்காகக் கொடுப்பது இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

அப்படியானால் எதற்கு? என் மேசைக்கு வந்த இரண்டு வாட்சைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒருவர் மாமாவிடமிருந்து வந்ததாகச் சொல்லிக் கொண்டுவந்த ஜெர்மன் வாட்ச். லாங்கே கம்பெனி, கிளாஸ்ஹூட்டே என்ற சின்ன ஊரில் செய்வது. நான் அதைப் பிரிக்கவில்லை. பின்பக்கம் கண்ணாடி மூடி என்பதால் லென்ஸைக் கண்ணில் வைத்து வெளியிலிருந்தே பார்த்தேன். பல்சக்கரங்களைத் தாங்கும் தகடுகளின் ஓரம் முழுவதும் சாய்வாகச் சீவி, கண்ணாடி போல மெருகு ஏற்றியிருந்தது. ஓரம் உள்பக்கமாக மடங்கும் மூலையைத்தான் பார்க்க வேண்டும். சுழலும் வெட்டுக்கருவி போனால் அந்த மூலை வளைவாகத்தான் நிற்கும். கூர்மையாக நிற்க வேண்டுமென்றால் ஒரு மனிதர் அரத்தைக் கையில் பிடித்து உட்கார வேண்டும். அந்த வாட்சில் மூலை ஊசி முனை போல நின்றது. பேலன்ஸ் வீலைத் தாங்கும் துண்டில் கையால் பூவேலை செதுக்கியிருந்தது. அதைச் செதுக்கியவர் யார் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் வேலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவர்கள் ஒவ்வொரு வாட்சையும் ஒரு தடவை சேர்த்து, ஓடவிட்டுப் பார்த்து, முழுக்கப் பிரித்து, மெருகு ஏற்றி, மறுபடியும் சேர்க்கிறார்கள். இந்த வேலைக்கு ஒருவர் பணம் கொடுத்தால் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அரை மணி நேரம் வேறு வேலை எதையும் நான் தொடவில்லை.

இரண்டாவது வாட்சும் பெரிய பெயர்தான். மூடிய பின்பக்கம், விளம்பரமெல்லாம் பார்த்திருப்பீர்கள். திறந்தால் உள்ளே இருந்தது, நான் நூற்றுக்கணக்கில் கழுவிய அதே மூவ்மென்ட். அதில் ஆறில் ஒரு பங்கு விலைக்கு விற்கும் வாட்சிலும் அதுதான் ஓடுகிறது. சுற்றும் எடையில் பெயரை மட்டும் பொறித்திருந்தார்கள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கொண்டுவந்தவர் அதற்காக எத்தனை வருடம் சேர்த்தாரோ!

அந்த மூவ்மென்ட் மோசம் என்று சொல்லவில்லை. ஈடிஏ 2824, அதை ஒட்டியே செய்த செலிட்டா எஸ்டபிள்யூ200 எல்லாம் முரட்டு உழைப்பாளிகள். நானே பரிந்துரைப்பேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டு பல மடங்கு வாங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். '25 ஜுவல்ஸ்' என்று போட்டிருந்தால் ஏதோ ரத்தினம் என்று நினைக்க வேண்டாம். அவை செயற்கை மாணிக்கம், தேய்மானத்தைக் குறைக்க வைப்பது, விலை சொற்பம். 'ஸ்விஸ் மேட்' என்று டயலில் போட, 2017 முதல் உள்ள சட்டப்படி, தயாரிப்புச் செலவில் 60 சதவீதம் அங்கே ஆகியிருக்க வேண்டும். மூவ்மென்ட் ஸ்விஸ்ஸாக இருக்க வேண்டும், கேஸுக்குள் பூட்டுவதும் கடைசிச் சோதனையும் அங்கே நடக்க வேண்டும். மீதி 40 சதவீதம் எங்கிருந்தும் வரலாம்.

மழைத்துளி எழுதியது:

சகோ, நான் கட்டியிருப்பது பழைய சாவி கொடுக்கும் வாட்ச். காலையில் குளித்துவிட்டு வந்ததும் முப்பது திருகு. அது கொடுக்கும் நிம்மதிக்கு என்னால் கணக்குப் போட முடியாது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் திடீரென்று நாளுக்கு ஏழெட்டு நிமிடம் முந்த ஆரம்பித்தது. போய்விட்டது என்றே நினைத்தேன். ராத்திரி கழற்றி டேப்லெட் உறை மேல் வைக்கிற பழக்கம் எனக்கு. அந்த உறையில் காந்தம் இருக்கிறது. பேலன்ஸ் வீலோடு சேர்ந்த மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாக ஓடியிருக்கிறது. ரிப்பேர்காரர் காந்தத்தை நீக்கும் ஒரு சின்னப் பெட்டியின் மேல் வைத்து எடுத்தார், அரை நிமிடத்தில் சரி. இப்படிப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ள முடியும் என்றால் வாங்குங்கள்.

நீலவானம் எழுதியது:

முதலீடு என்ற வார்த்தைக்காக மட்டும் எழுதுகிறேன். 2017இல் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போன செய்தியை எல்லோரும் காட்டுவார்கள். எனக்கும் காட்டினார்கள். அந்த நடிகர் கட்டியிருந்த அந்த ஒரு வாட்சுக்குக் கிடைத்த விலை அது. அந்த மாடலுக்குப் பொதுவாகக் கிடைக்கும் விலை இல்லை. அப்போது எனக்கு இது உறைக்கவில்லை.

2022 தொடக்கத்தில் எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கிய நேரத்தில், கம்பெனி விலைக்கு மேலே கூடுதலாகக் கொடுத்து இன்னொருவரிடமிருந்து ஒன்று வாங்கினேன். ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. உரித்தால் விலை குறையும் என்றார்கள். பெட்டி, பேப்பர், கூடவே வந்த அட்டை எல்லாம் பத்திரமாக வைத்து லாக்கரில் பூட்டினேன். அந்த வருடமே மறுவிற்பனைச் சந்தை சரிந்தது. பணம் தேவைப்பட்டு விற்றபோது போட்டதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். அவ்வளவு ஆசைப்பட்ட வாட்சை ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட கையில் கட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விலை ஏறும் என்ற எண்ணத்தோடு வாங்காதீர்கள். வாங்கினால் அன்றைக்கே ஸ்டிக்கரை உரித்துக் கட்டுங்கள்.

நொடிமுள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பல்சக்கரம் அண்ணா, முதலீடு என்ற பேச்சை விட்டுவிட்டேன். நான் ஆசைப்பட்ட மாடலின் உள்ளே என்ன ஓடுகிறது என்று தேடினேன். நீங்கள் சொன்ன செலிட்டாதான். அதே மூவ்மென்ட் உள்ள இன்னொரு வாட்ச் பாதி விலைக்குக் குறைவாகவே கிடைக்கிறது. டயல் அவ்வளவு அழகு இல்லை, அவ்வளவுதான். மகன் விஷயத்தை மட்டும் சொல்லவில்லையே?

பல்சக்கரம் எழுதியது:

அதைத்தான் தனியாகச் சொல்ல நினைத்தேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

நொடிக்கு எட்டுத் தட்டு என்றால் ஒரு நாளைக்கு 6,91,200. ஐந்து வருடத்தில் 126 கோடிக்கு மேல். அத்தனை தடவை உரசுகிற இடத்தில் இருப்பது ஊசி முனையளவு ஆயில். அது காயும். காய்ந்த பிறகும் வாட்ச் ஓடும், அதனால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். ஆயில் இல்லாமல் ஓடி அச்சு தேய்ந்த பிறகுதான் வருவார்கள். ஐந்திலிருந்து ஏழு வருடத்துக்கு ஒரு முறை முழு சர்வீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் தாங்கும் என்று சொல்கிற கம்பெனியும் உண்டு. உங்கள் மகனுக்கு 25 வயது ஆவதற்குள் இரண்டோ மூன்றோ சர்வீஸ் வரும். வாங்கும் விலையோடு அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்த சர்வீஸை யார் செய்ய முடியும் என்பது. பெரிய கம்பெனிகள் சில, வெளியாட்களுக்கு உதிரிபாகம் விற்பதை நிறுத்திவிட்டன. ஒரு பெண் அப்பாவின் வாட்சை என்னிடம் கொண்டுவந்தார். சாவியோடு போகும் தண்டு ஒடிந்திருந்தது. சின்னக் கம்பி. பாகம் கையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை. கம்பெனிக்கு எழுதினேன், வெளியே தருவதில்லை என்று பதில் வந்தது. அவர்களிடமே அனுப்பச் சொன்னார்கள். ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. தண்டு மாற்றியிருந்தார்கள், கேட்காமலே டயலையும் புதுசாக மாற்றியிருந்தார்கள். அவருடைய அப்பா முப்பது வருடம் பார்த்த டயல், ஓரத்தில் தேன் நிறம் ஏறியிருந்த டயல், அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. பழசைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவரிடம் முன்பே சொல்லாமல் விட்டது என் மனதில் இன்றும் கிடக்கிறது. நீங்கள் எங்கே சர்வீஸுக்குக் கொடுத்தாலும், மாற்றிய பாகத்தைத் திருப்பித் தரும்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செலிட்டா போன்ற பொது மூவ்மென்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பாகம் கிடைக்கும், தெரிந்தவர்கள் நிறைய. என் மேசைக்கு வரும் சாதாரணப் பழைய வாட்சுகளின் பின்மூடியைத் திருப்பினால், உள்பக்கம் ஊசியால் கீறிய குட்டி எழுத்துகள் இருக்கும். சர்வீஸ் செய்தவர்கள் தங்கள் குறியையும் தேதியையும் போட்டிருப்பார்கள். போன வாரம் பார்த்த ஒன்றில் நான்கு பேர் கீறியிருந்தார்கள். 1974, 1983, 1996, 2011. நான்கு கையெழுத்து. ஒருவர் 7 என்ற எண்ணின் நடுவே கோடு போடுகிறவர். அந்த வாட்ச் விலை உயர்ந்தது இல்லை. யாரும் திறக்கலாம், யாரும் சரி செய்யலாம், அதனால்தான் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. கழுவி, ஆயில் போட்டு, ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்தேன். நாளுக்கு 9 நொடி முந்துகிறது. ஐந்தாவதாக என் குறியையும் போட்டு மூடினேன்.

ஆகவே என் யோசனை: ஆறு மாதச் சம்பளத்தையும் போடாதீர்கள். அந்தப் பாதி விலை வாட்சை எடுங்கள், டயல் உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும். கடையில் ஐந்து நிமிடம் பார்த்தால் போதாது. கையில் கட்டி, வெயிலில் ஒரு தடவை, விளக்கில் ஒரு தடவை பாருங்கள். சபையர் கண்ணாடிதானா என்று கேளுங்கள், கீறல் விழாமல் இருக்க அது வேண்டும். மிச்சப் பணத்தில் இரண்டு சர்வீஸுக்கு ஆகும் தொகையைத் தனியே போட்டு வையுங்கள். அந்த நீல டயல்தான் வேண்டும், அதை மறக்கவே முடியாது என்றால், அந்த மாடலையே கொஞ்சம் ஓடியதாக, நம்பகமான ஆளிடம் தேடுங்கள். வாங்குவதற்கு முன் பின்மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். தண்ணீர் இறங்கிய துரு இருக்கிறதா, ஸ்குரூ தலைகள் சிதைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.