பழைய பாக்ஸ்டரை வாங்கலாமா?

கேள்வி (திருப்பூர்):
பெங்களூருவில் பதிவான 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் கார் ஒன்று கோவையில் விலைக்கு வந்திருக்கிறது. 41,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள். ஞாயிறுதோறும் வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்ட விரும்பும் எனக்கு அது ஏற்றதா?

மறுமொழி (கோவை):
குறைந்த ஓட்டத்தைக் கண்டு மயங்க வேண்டாம் தம்பி. நின்றே கிடந்த வண்டியில் ரப்பர் சீல்கள் இறுகிப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லிவிடும். அதைவிடப் பெரிய கவலை, 2009 மாடலுக்கு முந்தைய பாக்ஸ்டர் எஞ்சின்களுக்குள் சுழலும் இடைத்தண்டைத் (intermediate shaft) தாங்கும் பேரிங். அது உடைந்தால் எஞ்சினே பாழாகும். 2007 வண்டியிலுள்ள பெரிய பேரிங் முந்தையதைவிட உறுதியானது என்றாலும், எஞ்சினை முழுவதும் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. எனவே ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் தேய்ந்து உதிர்ந்த உலோகத் துகள் அதில் மின்னினால், முன்பணம் கொடுக்காமல் வீடு திரும்புங்கள்.

மறுமொழி (ஈரோடு):
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் என்னைப் படுத்தியது எஞ்சின் அன்று, காகிதம். வெளிமாநிலப் பதிவென்றால் தடையின்மைச் சான்றும் இங்கே சாலை வரியும் வேண்டும். எனக்கு விற்றவர் கடன் தீர்ந்த சான்றைத் தராமல் எட்டு மாதம் இழுத்தடித்தார்.

மறுமொழி (பொள்ளாச்சி):
மலைக்குப் போகுமுன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். தாழ்வான வண்டியின் அடிப்பகுதி இடிக்காதிருக்க, நம் ஊர் வேகத்தடைகளைக் குறுக்காக ஏறி இறங்கவும் பழகிக்கொள்ளுங்கள்.