7.0 ஓடுற சென்டர் ஃபீல்டரை டிவிஷன் 1 பட்டியல்ல வைக்கலாமா?

தெற்குவாசல்:
அமெரிக்க ஹைஸ்கூல் பேஸ்பால் பார்க்கிறவங்க சொல்லுங்க. உதாரணத்துக்கு ஒரு பையன்: ஜூனியர் வருஷம் (பதினோராம் வகுப்பு), சென்டர் ஃபீல்ட் (வெளி மைதானத்தோட நடு இடம்), வலதுகை. 60 யார்டு ஓட்டம் 7.0 நொடி. அவுட்ஃபீல்டிலிருந்து எறிதல் மணிக்கு 84 மைல். பேட்டிலிருந்து பந்து கிளம்பும் வேகம் 93 மைல். எண்கள் சுமார்தான், ஆனா ஆட்டத்துல எல்லாப் பந்துக்கும் போய்ச் சேர்ந்துடறான். டிவிஷன் 1, அதாவது கல்லூரி விளையாட்டோட மேல்மட்டம், அந்தக் கல்லூரிக்கு ஆள் தேடுற ஸ்கவுட் இவனைப் பட்டியல்ல வைப்பாரா?

ஸ்டாப்வாட்ச்:
எஸ்.இ.சி., ஏ.சி.சி. மாதிரி பெரிய கான்ஃபரன்ஸ்னா (கல்லூரிகள் சேர்ந்து ஆடுற லீக்) வைக்க மாட்டார். 60 யார்டுன்னா 180 அடி, ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து தேர்ட் பேஸ் போற தூரம். சென்டர் ஃபீல்டருக்கு அங்கே 6.7 பக்கத்துல எதிர்பார்ப்பாங்க. 7.0ன்னா ஓரத்துக்கு, ரைட் இல்ல லெஃப்ட் ஃபீல்டுக்குத் தள்ளுவாங்க. 84 மைல் கை ரைட் ஃபீல்டுக்கும் பத்தாது. மிச்சம் லெஃப்ட் ஃபீல்ட். அந்த இடத்துக்கு 93 மைல் பேட் ஒண்ணும் விசேஷம் இல்லை.

கவர்டிரைவ்:
சார், அந்த 7.0ஐ யார் எடுத்தாங்கன்னு கேட்டீங்களா? ஈரப் புல்லா, டர்ஃபா? லேசரா, கைக்கடிகாரமா?

ஸ்டாப்வாட்ச்:
கேட்டா உங்க ஆளுக்குத்தான் நஷ்டம். கையால எடுத்த நேரம் வழக்கமா 0.1, 0.2 நொடி குறைச்சே காட்டும். கிளம்புறதைப் பார்த்துட்டுத்தான் பட்டனை அமுக்குறோம், கோடு தாண்டும்போது முன்கூட்டியே அமுக்கிடுறோம். கடிகாரத்துல 7.0ன்னா லேசர்ல 7.1 தாண்டும்.

கவர்டிரைவ்:
சரி, 60ஐ விடுங்க. அவுட்ஃபீல்டர் ஆட்டத்துல எத்தனை தடவை 60 யார்டு நேர்கோட்டுல ஓடுறான்? லேசர் வச்சு எடுக்கிற ஷோகேஸ்ல (பையன்கள் ஸ்கவுட்கள் முன்னாடி திறமையைக் காட்டுற நிகழ்ச்சி) 10 யார்டு, 30 யார்டு நேரமும் தனியா வரும். அதைக் கேட்டு வாங்கணும்.

கணக்கு போட்டுப் பாருங்க. 6.7 ஓடுறவனுக்கும் 7.0 ஓடுறவனுக்கும் சராசரி வேகத்துல வித்தியாசம் நொடிக்கு சுமார் 1.2 அடி. 4 நொடி காத்துல நிக்கிற பந்துக்கு 5 அடி. ஆனா முதல் அடியை 0.3 நொடி தாமதமா எடுத்து வச்சா, பந்துகிட்ட போய்ச் சேரும்போது சுமார் 8 அடி குறையும். வேகமான பையன் லேட்டா கிளம்பினா, மெதுவான பையனைவிட பின்னாடிதான் நிப்பான். மேஜர் லீக்லயே ஸ்டாட்காஸ்ட்ங்கிற கேமரா அளவீடு இதைத் தனியா அளக்குது: முதல் 3 நொடிக்குள்ள சரியான திசையில எத்தனை அடி போனான்னு. முதல் ஒன்றரை நொடி ரியாக்‌ஷன், அடுத்த ஒன்றரை நொடி பர்ஸ்ட், அப்புறம் ரூட்.

ஸ்டாப்வாட்ச்:
மேஜர் லீக்ல கேமரா இருக்கு. ஹைஸ்கூல் மைதானத்துல என்ன இருக்கு? ஒரு ஆட்டத்துல சென்டர் ஃபீல்டருக்கு ரெண்டு மூணு பந்து வரும், அதுலயும் பெரும்பாலானது நின்ன இடத்துல பிடிக்கிறது. மூணு ஆட்டம் உட்கார்ந்தும் ஒரு கஷ்டமான பந்துகூடப் பார்க்காம வரலாம். கோச்சுக்கு வர்ற மெயிலோ நூத்துக்கணக்குல. எண்ணை வச்சு வடிகட்டாம என்ன செய்வார்? இன்னொண்ணு, லேட்டா கிளம்புறதைத் திருத்திடலாம். காலைத் திருத்த முடியாது.

கவர்டிரைவ்:
பாதிதான் சரி. பிட்ச், அதாவது பேட்டருக்கு எறியுற பந்து, வரும்போது பாதத்தைத் தயாரா வைக்கிறதை ஒரு சீசன்ல சொல்லிக் கொடுத்துடலாம். நேரா தன்னை நோக்கித் தாழ்வா, வேகமா வர்ற லைன் டிரைவ் விழுமா, தலைக்கு மேல போகுமான்னு படிக்கிறது அவ்வளவு சுலபமா வராது.

பந்து வராதுங்கிறீங்க. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போங்க. பேட்டிங் பிராக்டிஸ்ல அவன் அவுட்ஃபீல்டுல சும்மா நின்னு பேசிட்டு இருக்கானா, ஒவ்வொரு அடிக்கும் நிஜ ஆட்டம் மாதிரி கிளம்புறானா பாருங்க. அங்கேயே இருபது முப்பது பந்து கிடைச்சுடும். ஆட்டம் தொடங்கினதும் பந்தைப் பார்க்காதீங்க, அவன் காலைப் பாருங்க. பிட்ச் பேட்டரை நெருங்கும்போது ரெண்டு காலும் லேசா தரையைத் தட்டணும். பின்னாடி போற பந்துக்கு இடுப்பைத் திருப்பி ஒரு காலைப் பின்வாங்கி ஓடணும். மார்பை முன்னாடி காட்டிக்கிட்டே பின்பக்கமா நடந்தான்னா அங்கேயே ஒரு கோடு போட்டுக்கங்க. ரெண்டு ஃபீல்டருக்கு நடுவுல கேப்ல போற பந்தை அது விழுந்த இடத்துக்கு ஓடித் துரத்துறானா, போய்ச் சேரப்போற இடத்துக்கு வெட்டிப் போறானா?

பந்து தன் பக்கம் வராதபோதும் வேலை இருக்கு. ரன்னர் பேஸைத் திருடப் பார்க்கிற ஸ்டீல் முயற்சில கேட்சர் எறியும்போது சென்டர் ஃபீல்டர் செகண்ட் பேஸுக்குப் பின்னால ஓடி வர்றானா? பந்து தனதுன்னு பக்கத்து ஆளுக்குக் கேக்குற மாதிரி கத்துறானா? இதெல்லாம் எந்த ஷோகேஸ் தாள்லயும் வராது.

ஸ்டாப்வாட்ச்:
ஓடி வர்றான், கத்துறான், சரி. கை? 84 மைல்.

கவர்டிரைவ்:
ஷோகேஸ்ல ரெண்டு மூணு எட்டு துள்ளி வந்து, ரேடார் கன்னுக்காகவே முழு பலத்தையும் போட்டு எறியுறாங்க. அந்த எண்ணுல பிடிச்சதிலிருந்து பந்து கையை விட்டுப் போக எத்தனை நேரம் ஆச்சுன்னு இல்லை. 90 மைல் எறிஞ்சு, நடுவுல வாங்கி மாத்தி எறியுற கட்ஆஃப் ஆள் தலைக்கு மேல போனா என்ன ஆகும்? ரன்னர் ஹோமுக்கு எப்படியும் வந்துடுவான், அடிச்சவன் சும்மா செகண்ட் பேஸ் எடுத்துக்குவான். கிரிக்கெட்ல பவுண்டரியிலிருந்து நேரா கீப்பர் கைக்கு வந்தா கைதட்டுவோம். அதே கண்ணோட இங்கே பார்த்தா ஏமாந்துடுவோம்.

பேட்முதல்:
ரெண்டு பேரும் கிளவ்வைப் பத்தியே பேசுறீங்க. அவுட்ஃபீல்டருக்குக் கல்லூரி கதவைத் திறக்கிறது பேட். அந்த 93 எங்கே எடுத்தது? டீங்கிற கம்பத்து மேல வச்ச பந்தா, ஆட்டத்துலயா? ஹைஸ்கூல்ல 2012லிருந்து பி.பி.கோர் (பேட்டோட துள்ளலுக்கு வரம்பு வைக்கிற தரம்) தர பேட்தான், கல்லூரியிலும் அதே தரம், அதனால பேட் மாறிடுச்சுன்னு சாக்கு சொல்ல முடியாது. மாறுறது பிட்சிங். 76 மைல் பந்தை நசுக்குற பையன் 88 மைலுக்கு லேட்டா சுத்துறானா, பக்கவாட்டுல வளையுற ஸ்லைடருக்கு முன்கால் விலகுதான்னு பார்க்கணும். அதுக்கு நல்ல பிட்சர் வர்ற நாள் பார்த்துப் போகணும். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்குப் போய் மூணு ஹிட் எழுதிட்டு வர்றது வீண்.

ஹோமிலிருந்து ஃபர்ஸ்டுக்கும் நேரம் எடுங்க. பேட்ல பட்ட நொடியிலிருந்து கால் பேஸ்ல படுற வரை. வலதுகை பேட்டருக்கு 4.3, இடதுகைக்கு 4.2 மேஜர் லீக் சராசரின்னு சொல்வாங்க. உறுதியா அவுட் ஆகப்போற கிரவுண்ட் பந்துல எடுத்த நேரம்தான் எனக்கு முக்கியம். அங்கே 4.9 வந்தா அவன் முழு மூச்சா ஓடலை, 60 யார்டு எண்ணைக் கிழிச்சுப் போடலாம்.

கவர்டிரைவ்:
பேட்டைப் பத்தி சண்டை இல்லை. ஆனா மேஜர் லீக் சென்டர் ஃபீல்டரா இருந்த கெவின் கீர்மையரைப் பாருங்க. இல்லினாய்ஸ்ல பார்க்லேண்ட்ங்கிற ஜூனியர் காலேஜ் (ரெண்டு வருஷக் கல்லூரி), 2010 டிராஃப்ட்ல (மேஜர் லீக் அணிகள் ஆள் தேர்ந்தெடுக்கிறது) 31ஆவது சுற்று. பிற்பாடு சென்டர் ஃபீல்டுல நாலு கோல்டு கிளவ் (சிறந்த ஃபீல்டிங் விருது). எத்தனை பேர் கண்ணுல படாம போனார்?

ஸ்டாப்வாட்ச்:
கீர்மையர் மெதுவா ஓடினவரா? காத்து மாதிரி ஓடுவார், கையும் பலம். அவரை எண்கள் கைவிடலை, பார்க்க ஆள் போகலை. உங்க உதாரணம் என் கட்சிக்குத்தான் ஆகுது.

பேட்முதல்:
ஓட்டம் மட்டும் போதாதுங்கிறதுக்கு, மேஜர் லீக்ல ஆடின சென்டர் ஃபீல்டர் பில்லி ஹாமில்டன் இருக்கார். அந்த வேகத்துக்கு ஈடு இல்லை, ஆனா பேட் கூட வரலை.

தெற்குவாசல்:
சரி, இந்தப் பையன் இப்ப என்ன செய்யணும்?

ஸ்டாப்வாட்ச்:
முதல்ல கணக்கைப் புரிஞ்சுக்கணும். முன்னாடி டிவிஷன் 1ல ஒரு அணிக்கு 11.7 ஸ்காலர்ஷிப், அதைப் பல பேருக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. 2025 ஜூன்ல ஹவுஸ் வழக்கு (கல்லூரி வீரர்களுக்குப் பணம் தர்றது பத்தினது) உடன்பாடு அங்கீகாரம் ஆனதும், அதுல சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போச்சு. பதிலா அணியில 34 பேர்தான். அந்த 34ல ஒரு இடத்துக்கு 17 வயசுப் பையனோட மோதுறது வேற கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல நிக்கிற 21 வயசு ஆள். அதனாலதான் 7.0ன்னா தள்ளிடுவாங்கன்னு சொன்னேன். டிவிஷன் 2, டிவிஷன் 3, ஜூனியர் காலேஜ் எல்லாத்துக்கும் எழுதட்டும். டிவிஷன் 3ல விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, மார்க்குக்கு உதவி கிடைக்கும்.

கவர்டிரைவ்:
ஜூனியர் காலேஜ் யோசனைக்கு நானும் சரி. ஜூனியர் வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட் 1 தாண்டிட்டதால டிவிஷன் 1 கோச்சும் இப்ப பதில் போடலாம். ரெண்டு நிமிஷ வீடியோ போதும், பாட்டு வேண்டாம். ஃபீல்டிங்கை ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து எடுங்க. பிட்சும் அவன் முதல் அடியும் ஒரே ஃபிரேம்ல வரணும். பந்து கையில விழுற காட்சியை மட்டும் வெட்டி ஒட்டினா, எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க.

பேட்முதல்:
பேட்டிங்குக்குப் பக்கவாட்டுல ஒரு கோணம், பின்னாலிருந்து ஒரு கோணம். ஸ்ட்ரைக்அவுட் ஒண்ணு ரெண்டும் உள்ள இருக்கட்டும்.

ஸ்டாப்வாட்ச்:
லேசர் நேரத்தை முதல் வரியில போடுங்க. 7.1ன்னாலும் போடுங்க. மறைச்சா வேற எங்கேயாவது தேடி எடுத்துடுவாங்க.